வலது கைப் பக்கச் சுவர்

ஜூன் 4

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கேம்ப் போனில் கூப்பிட்டால் நீ வருவதில்லை. வந்தாலும் "ம், சொல்லு" என்பாய், அப்புறம் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அம்மாவைக் கடைசியாகப் பார்க்க நீ வரவில்லை. வெள்ளத்தில் ரோடு அறுந்துவிட்டது என்றாய். பாலம் கட்டுகிற கம்பெனியில் படம் போடுகிறவனுக்கு ஓர் ஆற்றைத் தாண்டத் தெரியாதா என்று நான் கத்தினேன், இனிமேல் வரவே வேண்டாம் என்றும் சொன்னேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. உன் கையெழுத்து வேண்டும்.

வீடு முடிந்து நாங்கள் குடிவந்தாயிற்று. நிலத்தை அம்மா உயிரோடு இருக்கும்போதே என் பேருக்கு எழுதிவைத்துவிட்டதால் அதில் தகராறு ஒன்றும் இல்லை. ஆனால் அதன்மேல் நிற்கிற வீடு இன்னும் யாருடையதும் இல்லையாம். பதிவு ஆபீஸில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நிலம் உங்களோடதும்மா. வீடு பதிவாகற வரைக்கும் அது வெறும் செங்கல்தான்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ராப்பகலாக நின்று கட்டிய வீட்டைப் பார்த்துச் செங்கல் என்றால் யாருக்குத்தான் வராது.

போன வாரம் ஆபீஸிலிருந்து அளவுக்காரர் வந்தார். நீ போட்டு, ஆபீஸ் முத்திரை குத்திவைத்திருக்கிற பிளானைக் கையில் விரித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே பார்த்தார், பிளானைப் பார்த்தார். பிளானைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தார். பிறகு சிரித்தே விட்டார். "ஏம்மா, வீட்டக் கண்ணாடியில பாத்துக் கட்டினீங்களா?"

பிளான்படி வாசலில் நுழைந்தால் ரூம்கள் எல்லாம் ஹாலுக்கு வலது பக்கம் இருக்க வேண்டும். முதலில் அம்மா ரூம், அடுத்து எங்கள் ரூம், கடைசியில் ஸ்டோர். இடது பக்கம் வெறும் வெளிச்சுவர். கட்டி நிற்பதில் ரூம்கள் எல்லாம் இடது பக்கம், வெளிச்சுவர் வலது பக்கம். அளவு ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை, பக்கம் மட்டும் மாறிப்போயிருக்கிறது. எங்கள் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று கேட்காதே. எனக்கு வலது எது இடது எது என்று எழுதுகிற கையைப் பார்த்தால்தான் தெரியும், உனக்கே தெரியும்.

அளவுக்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இடித்துக் கட்டுவது. இன்னொன்று, பிளான் போட்டவரே கட்டியபடி திருத்தின பிளான் போட்டு, இது நான் போட்டதுதான் என்று கையெழுத்திட்டுத் தருவது. ஜூலை முடிவதற்குள் தராவிட்டால் எங்கள் மனுவை மூடிவிட்டு, அனுமதி இல்லாத கட்டடம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அப்புறம் இடிக்கச் சொல்லி உத்தரவு வரும். இருக்கிறதை எல்லாம் இதில் போட்டுவிட்டோம், அண்ணா. இதை விட்டால் எங்களுக்குப் போக இடம் இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். வலது சுவரில் டேப்பின் நுனியை வைத்து அழுத்திப் பிடித்திருந்தவர் திடீரென்று கையை எடுத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் யாரும்மா தட்டறது?" என்றார். அந்தப் பக்கம் புல்தரை, யாரும் இல்லை. புதுப் பூச்சு காய்கிற சத்தம் என்று உன் மாப்பிள்ளை சொல்கிறார். குடிவந்த நாளிலிருந்தே அந்தச் சத்தம் இருக்கிறது.

சீக்கிரம் அனுப்பு.

தங்கை


ஜூன் 12

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட மாட்டேன்.

இத்தனை வருஷமாகப் படம் போடுகிறேன். என் கோடு பிசகியது என்று ஒரு மேஸ்திரியும் சொன்னதில்லை. நான் வலது பக்கம் போட்ட ரூம் தானாக எழுந்து இடது பக்கம் நடந்து போகாது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். இடது பக்கம்தான் காற்று வரும் என்று மாப்பிள்ளை பிளான் போடும்போதே என்னிடம் வாதாடினார். நான் அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மாற்றிக் கட்டிவிட்டு, நான்தான் இப்படிப் போட்டேன் என்று என்னையே எழுதித்தரச் சொல்வது நன்றாக இருக்கிறது.

ஆற்றைப் பற்றி மறுபடியும் எழுதியிருக்கிறாய். அப்போது பாலம் பாதிதான் முடிந்திருந்தது. அதன் நுனி வரை நடந்து போய் நின்றேன். அதற்குமேல் எழுத இஷ்டம் இல்லை.

அம்மா ரூம் வலது கைப் பக்கம் இருந்தே ஆக வேண்டும். சும்மா போட்ட கோடு இல்லை அது. அவள் போய்விட்டாள், இனி எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

அண்ணன்

பின்குறிப்பு: அளவுக்காரர் கையை எடுத்தது சுவரில் எந்த இடம்? வாசலை ஒட்டியா, தள்ளியா? பூச்சு காய்ந்தால் விரிசல் விடுகிற சத்தம்தான் வரும், தட்டுகிற சத்தம் வராது. அதற்காகக் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.


ஜூன் 20

ஸ்கேல் அண்ணாவுக்கு,

சின்ன வயசில் உனக்குச் சும்மாவா ஸ்கேல் என்று பேர் வைத்தேன்! முறிந்தாலும் முறிவாயே தவிர வளைய மாட்டாய்.

அவர்மேல் பழி போடாதே. ஓட்டையான வாளியை மாற்றவே மாதக்கணக்கில் யோசிக்கிற மனுஷன் ஒரு வீட்டையே திருப்பிப் போடுவாரா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏற்கெனவே ஊற்றின செடி.

நீ கேட்ட இடத்தைச் சொல்கிறேன். வாசலுக்கும் முதல் ஜன்னலுக்கும் நடுவே. ஆனால் அங்கேயே ஆரம்பிப்பதில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் முதலில் வாசல் நிலையில் ஒரு தட்டு விழும். அப்புறம் சுவரோடு உரசிக்கொண்டு வரும். தட்டு என்றால் விரலை மடக்கித் தட்டுவது இல்லை, உள்ளங்கை. பத்... சர்ர்... பத். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அங்கேயே மேலும் கீழுமாகத் தடவும், கைப்பிடியைத் தேடுகிற மாதிரி. இருட்டும் வரை தேடும்.

துணிச்சலை வரவழைத்துக்கொண்டு ஒருநாள் வெளியே போய்ப் புல்தரையில் நின்று சுவரில் காதை வைத்தேன். உள்ளேதான் கேட்டது. ஓடிவந்து ஹாலில் நின்றேன். அது அந்தப் பக்கத்துச் சத்தம் இல்லை, அண்ணா. இந்தப் பக்கம். நான் நிற்கிற பக்கம்.

அவர் அந்த இடத்தில் ஓர் அலமாரியை நகர்த்திவைத்தார். மறுநாள் பார்த்தால் அலமாரியில் இருந்த டம்ளர்கள் எல்லாம் கை பட்டு விழாதபடி உள்ளே தள்ளி நின்றன. ஹால் நடுவே கழற்றிப் போட்ட என் செருப்பு ஜோடியாகச் சுவரோரம் கிடக்கிறது. வழியில் கிடக்கிற சாமானைக் காலாலேயே தடவிச் சுவரோரம் ஒதுக்கிவைக்கிறவள் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுடைய பேரை இங்கே எழுதக் கை வரவில்லை.

ஆனால் அவள் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததே கிடையாது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே போய்விட்டாள். கண் தெரியாதவளுக்கு, ஒருநாள்கூட நடந்து பார்க்காத வீட்டில் எப்படி வழி தெரியும்? தெரியாது. அதனால் இது அவள் இல்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு விளக்கைப் போடுகிறேன்.

ஆபீஸிலிருந்து ஞாபகக் கடிதம் வந்துவிட்டது. உன் பிடிவாதத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்.

தங்கை


ஜூன் 29

அவசரம்,

நீ எனக்கு வைத்த பேரை எழுதினாய். நான் உனக்கு வைத்த பேர் இது.

அவளுக்கு அந்த வீட்டில் வழி தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியாக லீவில் வந்திருந்தபோது நடந்தது. நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் உட்காருவோம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். குடிபோகிற அன்றைக்கு யார் கையையும் பிடிக்காமல், எதிலும் இடிக்காமல், வாசலிலிருந்து கடைசி ரூம் வரை நடந்து உன்னை வாயடைக்கவைக்க வேண்டுமாம்.

ஒரு தடித்த அட்டை எடுத்தேன். பின்பக்கம் பென்சிலால் பிளானை இடவலம் மாற்றிப் போட்டேன். அந்தக் கோட்டின் மேலேயே குண்டூசியால் நெருக்க நெருக்கமாகக் குத்தினேன். முன்பக்கம் திருப்பினால் புள்ளிகள் மேடாக நிற்கும், பிளான் நேராகிவிடும். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு விரலாலேயே வீடு முழுக்கச் சுற்றினாள். "சமையல்கட்டு ஜன்னல் மூலையில இடிக்குதுடா, கொஞ்சம் தள்ளு" என்றாள். உண்மைதான், தள்ளிப் போட்டேன். உங்கள் ஆபீஸ் முத்திரை குத்திய பிளானில் இருப்பது அம்மா தள்ளச் சொன்ன ஜன்னல்.

அவளுடைய வலது கைதான் அவளுக்குக் கண். அதற்காகத்தான் ரூம்களை எல்லாம் வலது பக்கம் வைத்தேன். "வாசல்ல நுழைஞ்சு வலது கைய சுவத்துல வச்சாப் போதும், அதுவே கூட்டிட்டுப் போயிடும்" என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். எங்காவது தவறினால் முதலிலிருந்து வருவாள். வாசலில்தான் மறுபடியும் ஆரம்பிப்பாள், நடுவில் ஆரம்பிக்க மாட்டாள்.

ஒருநாள், "நீ வந்தா எங்கடா படுப்பே?" என்று கேட்டாள். "நான் எங்கம்மா வரப்போறேன். வந்தா ஸ்டோர்ல ஒரு பாயப் போடு" என்றேன். விரலைக் கொண்டுபோய் ஸ்டோர் சதுரத்தில் வைத்தாள். "அப்ப உன் தலையத் தேடிக் கடைசி வரைக்கும் நடக்கணும்" என்றாள். ஞாபகம் இருக்கிறதா? பழைய வாடகை வீட்டில் படுக்கும் முன்னால் நம் இரண்டு பேர் தலையையும் தடவி, இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். கண் தெரியாதவளுக்கு விளக்கு எதுக்கு என்று நீ சிரிப்பாய். நான் தூங்குகிற மாதிரி கிடப்பேன்.

இதை உன்னிடம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ எழுதியதைப் படித்த பிறகு இருக்க முடியவில்லை.

அந்த அட்டை இப்போது எங்கே? அம்மாவோடு போய்விட்டதா? மேஸ்திரியிடம் எதைப் பார்த்துக் கட்டினார் என்று கேள். சண்டை போடாமல் கேள்.

அண்ணன்


ஜூலை 8

ஸ்கேல்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன், பாதியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அட்டை அம்மாவோடு போகவில்லை. அவளுடைய தலையணை உறைக்குள் இருந்தது. ஒரு பக்கம் வெறும் வெள்ளை, சொரசொரவென்று இருந்தது. இன்னொரு பக்கம் உன் கையால் போட்ட பென்சில் கோடு. நீ முதலில் போட்டுப் பார்த்த பிளான் என்று நினைத்தேன். ஆபீஸிலிருந்து முத்திரை குத்திய பிளான் வரத் தாமதமாயிற்று. மழைக்கு முன்னால் அஸ்திவாரம் போட்டாக வேண்டும் என்று மேஸ்திரி பறந்தார், நான் அவரைவிடப் பறந்தேன். அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். நீ முன்பே அளவு எழுதி அனுப்பியிருந்த கடிதத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல அவர் கோட்டுக்குக் கோடு எழுதிக்கொண்டார். முத்திரை குத்தியது பிறகு வந்தது. யார் பிரித்துப் பார்த்தோம்?

இன்றைக்கு மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டேன். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. "கோடு போட்ட பக்கத்தப் பாத்துத்தானம்மா கட்டுவாங்க? அந்த ஓட்டையெல்லாம் பூச்சி அரிச்சதுன்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

ஆக, இந்த வீட்டை இப்படிப் போட்டது நீதான். தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். உன் மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுதிவிடு.

அம்மா படித்தது ஒரு பக்கம், நாங்கள் கட்டியது மறுபக்கம். தினமும் வருகிறாள், வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு தன் ரூம் கதவைத் தேடுகிறாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று நான் ஹால் நடுவில் நின்று, "அம்மா, அங்க இல்லம்மா, இந்தப் பக்கம்" என்றேன். சத்தம் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வாசல் நிலையில் மறுபடியும் தட்டு. மறுபடியும் அதே சுவர், இந்த முறை இன்னும் வேகமாக. என் வாயைவிட உன் புள்ளிமேல்தான் அவளுக்கு நம்பிக்கை. எனக்கு இடது வலது தெரியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

உன் மாப்பிள்ளை ஒரு யோசனை சொல்கிறார். அவள் தேடுகிற இடத்திலேயே சுவரை உடைத்து ஒரு கதவு வைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடுமாம். அளவுக்காரரிடம் கேட்டாயிற்று, திருத்தின பிளானில் அந்தக் கதவையும் காட்டிவிட்டால் ஆபீஸுக்கு ஆட்சேபம் இல்லை. அவள் தேடுகிற இடத்தில் ஒரு கதவு, அவ்வளவுதான். திறந்து போகட்டும். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, அண்ணா. தினம் தினம் இதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இருபதாம் தேதி மேஸ்திரி உளியோடு வருகிறார். அந்தக் கதவையும் சேர்த்துப் போட்டு அனுப்பு.

அவசரம்


ஜூலை 13

அவசரம்,

சுவரை உடைக்காதே.

நேற்று உன் கடிதம் வந்ததும் கேம்ப் போனுக்கு ஓடினேன். நல்ல பகல். மணி அடித்தது, எடுத்தாயிற்று. ஹலோ என்றேன், பதில் இல்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்து, "உடைக்காத, நான் சொல்ற வரைக்கும் உடைக்காத" என்று கத்தினேன். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ரிசீவரின் வாயில் இருக்கிற ஓட்டைகளை யாரோ விரலால் மெதுவாகத் தடவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வோர் ஓட்டையாக. பிறகு வைத்தாயிற்று. அது நீயாக இருந்தால் ஒரு வரி எழுது.

அந்தக் கதவைத் திறந்தால் என்ன இருக்கிறது? புல்தரை. வேலிகூடக் கிடையாது. அம்மா அது வழியாக வெளியே போவாள். போய் வலது கையை நீட்டுவாள். அங்கே சுவர் இருக்காது. இன்னும் கொஞ்சம் நடந்து நீட்டுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருக்காது. வந்த கதவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளிடம் வேறு வழி எதுவும் இல்லை. வீட்டுக்குள் தட்டும்போது அவள் கைக்கு ஒரு சுவராவது இருக்கிறது. சத்தம் நின்றுவிடும் என்று மாப்பிள்ளை சொல்வது சரி. நின்றுவிடும். ஏன் நின்றது என்று அதற்கப்புறம் நீ தினமும் யோசிப்பாய்.

திருத்தின பிளான் இதோடு இருக்கிறது. கட்டியபடி, அந்தக் கதவு இல்லாமல். இது நான் போட்டதுதான் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பொய் இல்லை. மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டது என் தப்பு, அவரிடம் சொல். இடது பக்கம் நிஜமாகவே காற்று வருகிறதா என்றும் கேள்.

அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்துப் பிரி. அம்மாவுக்குப் புது அட்டை. இப்போது நிற்கிற வீட்டைக் குத்தியிருக்கிறேன். விரலெல்லாம் ஊசி குத்தின காயம். முதல் தட்டு விழுகிறது என்றாயே, அந்த வாசல் நிலையில், அவள் கை உயரத்தில் மாட்டு. மேடு உள்ள பக்கம் வெளியே தெரியட்டும். தயவுசெய்து இந்த ஒரு தடவை திருப்பி மாட்டிவிடாதே. மாட்டிவிட்டு ஒன்றும் பேசாதே. அவளுக்குப் படிக்க நேரம் கொடு.

பழைய அட்டையை எனக்கு அனுப்பு. அவள் விரல் பட்டது.

ஸ்கேல்


ஜூலை 30

அண்ணா,

வீடு பதிவாகிவிட்டது. என் பேர் போட்ட பத்திரம் மேஜைமேல் இருக்கிறது, நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிவு ஆபீஸில் அந்தக் கண்ணாடிக்கார அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு, "இப்ப வீடும் உங்களோடதும்மா" என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

நீ போன் பண்ணின அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. நாங்கள் இருவரும் ஆபீஸ் வரிசையில் நின்றிருந்தோம். இதை எழுதிவிட்டு நான் அடுத்த வரிக்குப் போகிறேன், நீயும் போ.

மேஸ்திரியை உளியோடு திருப்பி அனுப்பினேன். அளவுக்காரர் திருத்தின பிளானோடு வந்தார். வலது சுவரில் டேப்பை வைக்கும்போது மட்டும் உள்ளங்கையை வைக்காமல் இரண்டு விரலால் பிடித்தார், பாவம். எல்லாம் சரியாக இருந்தது. போகும்போது வாசலில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து என்ன என்று கேட்டார். பிளான் என்றேன். வெள்ளை அட்டையையும் என்னையும் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். செருப்பு சுவரோரம் இருந்தது.

அட்டை மாட்டின முதல் நாள், வழக்கம்போல நிலையில் தட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. சின்னதாக ஒரு சத்தம், சர... சர... என்று. விரல். இருட்டும் வரை அதுதான். மறுநாளும் அதுதான், உள்ளே வரவே இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதும் என்று ஓடுகிற ஆளா அவள், என்னை மாதிரி? அதற்கடுத்த நாள் தட்டு இடது பக்கச் சுவரில் விழுந்தது. மெதுவாக, தயங்கித் தயங்கி, பழக்கம் இல்லாத கையால். தன் ரூம் வரை வந்தாள். கைப்பிடி இறங்கியதை நானும் அவரும் பார்த்தோம். கதவு திறந்து, மூடிக்கொண்டது. அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கிப்போய்விட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

போன வாரம் தலைவலி என்று சாயங்காலமே படுத்திருந்தேன். கதவு திறந்தது. அவர்தான் என்று கண்ணைத் திறக்கவில்லை. நெற்றியில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சொரசொரப்பான கை. அங்கிருந்து வகிடு வழியாக உச்சி வரை தடவிவிட்டு எடுத்துக்கொண்டது. எனக்குப் பயமே வரவில்லை, அண்ணா. அப்புறம் சுவரோடு உரசிக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போனாள். ஸ்டோர்.

அங்கே சிமெண்ட் மூட்டையும் பெயிண்ட் டப்பாவும்தான் கிடந்தன. அவற்றின் மேல் தட்டுகிறாள். தாழ்வாக, தரையோடு தரையாகத் தட்டுகிறாள். மூலைக்கு மூலை தேடுகிறாள். இல்லை என்றதும் வாசலுக்குத் திரும்பிப் போகிறாள். அட்டையை முதலிலிருந்து தடவிப் பார்க்கிறாள், தான்தான் எங்கோ வழி தவறிவிட்டோம் என்கிற மாதிரி. மறுபடியும் வருகிறாள். தன் ரூம், என் தலை, ஸ்டோர். மறுபடியும் வாசல்.

சாமானை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பாயும் தலையணையும் போட்டேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. தலையணையைத் தடவிவிட்டு அப்படியே நிற்கிறாள்.

அவள் தேடியது அவளுடைய ரூமை இல்லை. உன் பிளான் சரியாகத்தான் இருக்கிறது, ஆள்தான் இல்லை. வரவே வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வீடு இப்போது சட்டப்படி என்னுடையது, யார் வரலாம் யார் வரக் கூடாது என்று நான்தான் சொல்வேன். வா.

அவசரம்


ஆகஸ்ட் 7

அவசரம்,

பழைய அட்டை வந்து சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வாசல் இருக்கிறது, ஹால் இருக்கிறது, அவள் ரூமும் உங்கள் ரூமும் இருக்கின்றன. சமையல்கட்டு ஜன்னலும் இருக்கிறது. ஸ்டோர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நான் குத்த மறந்துவிட்டேனோ என்று திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. முன்பக்கம் புள்ளிகள் தேய்ந்து அந்த இடம் வழுவழுவென்று ஆகியிருக்கிறது. மற்ற எந்த ரூமிலும் ஒரு புள்ளிகூடத் தேயவில்லை.

அன்றைக்குப் பாலத்தின் நுனியில் நின்றபோது எதிர்க்கரை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கட்டியிருந்தால் வந்திருப்பேன். இப்போது பாலம் முடிந்துவிட்டது. அதன்மேலேயே நடந்து வருகிறேன்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். வந்ததும் பேச்சு வேண்டாம். நேராக ஸ்டோருக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். நீயும் உன் ரூமில் படுத்துக்கொள். கை பட்டாலும் தூங்குகிற மாதிரியே கிடப்பேன், அது எனக்குப் பழக்கம்தான்.

ஸ்டோரில் விளக்கைப் போட்டு வை. என்ன ஆனாலும் அதை நீ அணைக்காதே. இரண்டு தலையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவள் அணைக்கட்டும்.

ஸ்கேல்